கல்லுக்கு முன்னால் முழங்கையை அளக்க வேண்டும்

கேள்வி:

எங்கள் வீடு திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் இருக்கிறது. 1996-இல் மாமனார் கட்டியது. மாடியில் குடித்தனம் இருக்கிறார்கள். சமையலறை 12 அடிக்கு 8 அடி. அதை ஒட்டி 12 அடிக்கு 9 அடியில் சாப்பாட்டு அறை. நடுவில் ஒரு சுவர், அதன் ஒரு கோடியில் கதவு. பழைய கடப்பா கல் மேடை ஓரமெல்லாம் உடைந்துவிட்டது. பளபளவென்று கறுப்பு கிரானைட் போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. என் கணவர் வெள்ளைதான் வெளிச்சம் தரும் என்கிறார். நியூ ஜெர்சியில் அக்கா வீட்டில் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உயரமான பிரேக்ஃபாஸ்ட் கவுன்ட்டரும் நான்கு ஸ்டூல்களும் பார்த்தேன். அதே போல எங்களுக்கும் வேண்டும். நடுச்சுவரை அரை நாளில் இடித்துவிடலாம், கல்லை ஒன்றரை அடி வெளியே நீட்டினால் போதும், கீழே முட்டு எதுவும் தேவையில்லை என்று மேஸ்திரி சொல்கிறார்.

வீட்டில் நாங்கள் இருவர், 14 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், 74 வயது மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார முடியாததால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் தட்டு வைத்துக் காய் நறுக்கித் தருவார்கள். எனக்கும் சமையல் முடிந்தால் வலது தோள்பட்டை வலிக்கிறது. 41 ஆகிவிட்டது, வயதாகிறது போலிருக்கிறது. பொங்கலுக்குள் வேலையை முடிக்க முடியுமா? நீங்கள் கேட்பீர்கள் என்று அளவுகளைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கறுப்பா வெள்ளையா என்ற கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தோள்பட்டை வலி, அதிலிருந்து தொடங்குகிறேன். அந்த வலியை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். நீங்கள் அனுப்பிய அளவுகளைப் பார்த்தால் அது பெரும்பாலும் உங்கள் மேடையின் கணக்கில் வரும் என்று நினைக்கிறேன்.

உங்கள் உயரம் 5 அடி 1 அங்குலம். செருப்பில்லாமல் நேராக நின்று, மேல்கையை உடம்போடு ஒட்டி, முழங்கையைச் செங்கோணமாக மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கை வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 38 அங்குலம் வரும். நறுக்குவதற்கும் பிசைவதற்கும் மேடை அதைவிட 4 முதல் 6 அங்குலம் தாழ்வாக இருந்தால்தான் தோள் தளர்ந்திருக்கும். அதாவது 32 முதல் 34 அங்குலம். உங்கள் மேடை 34. நறுக்குவதற்கு ஒருவாறு போதும். ஆனால் அடுப்பு? மேடைமேல் வைத்த அடுப்பு 5 அங்குலம், அதன்மேல் வாணலி 4 அங்குலம். நீங்கள் கரண்டி பிடித்து வதக்கும் இடம் 43 அங்குலத்தில் இருக்கிறது. முழங்கையைவிட 5 அங்குலம் மேலே! கால் மணி நேரம் வெங்காயம் வதக்கினால் கால் மணி நேரமும் வலது தோளைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறீர்கள். காலையிலும் இரவிலும், வருடக்கணக்காக. மேடையை மாற்றி மூன்று மாதம் ஆகியும் வலி போகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் இதே உயரத்தில் புதுக் கல்லைப் பதித்துவிட்டு அவரிடம் போகாதீர்கள்.

நான் சொல்வது இதுதான்: வேலை செய்யும் மேடை 33 அங்குலம், அடுப்பு வைக்கும் பகுதி மட்டும் 28 அங்குலம். அடுப்புப் பகுதி மூன்றரை அடி நீளம் இருக்கட்டும். வாணலிக் காது இருபக்கமும் இடிக்காது. மேடையில் ஒரு படி இறங்கினால் அழகு கெடும் என்று மேஸ்திரி சொல்வார். அவர் அங்கே நின்று சமைக்கப் போவதில்லை. இடியாப்பம் பிழியும்போதும் சப்பாத்தி மாவு பிசையும்போதும் அந்தத் தாழ்ந்த இடத்தின் அருமை தெரியும். மேலிருந்து உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்த வேண்டிய வேலைகள் அவை. மேடைக்குள் பதிக்கும் ஹாப் வகை அடுப்பு வாங்குவதாக இருந்தால் படி தேவையில்லை, முழு மேடையையும் 32-இல் வைத்துவிடலாம். உங்கள் மூன்று பர்னர் அடுப்பு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை எதற்கு ஒதுக்க வேண்டும்? ஒன்று மட்டும் கவனியுங்கள். இப்போது சிலிண்டர் அடுப்புக்கு நேர்கீழே இருக்கிறது. 28 அங்குல மேடைக்கு அடியில் அது ரெகுலேட்டரோடு நுழைவது சிரமம். பக்கத்துத் தடுப்பில், 33 அங்குலப் பகுதிக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். 28 அங்குலத்திலும் அந்த நிபந்தனை நிறைவேறும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படரும். அதனால் சிலிண்டர் இருக்கும் தடுப்புக்குக் கதவு போட்டால் கதவின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகள் கட்டாயம்.

கணவர் 5 அடி 10 அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நின்றால் 33 அங்குல மேடை குனிய வைக்கும். வாரத்தில் பாதி நாள் அவர் சமைப்பதாக இருந்தால் எனக்குத் தெரிவியுங்கள், கணக்கை மாற்றலாம். இல்லையென்றால் தினமும் நிற்பவரின் உடம்புதான் அளவுகோல்.

இனி நடுச்சுவர்.

உங்கள் தாளில் "சுவர் 9 அங்குலம், கதவு நிலையில் அளந்தேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்ததும் மேஸ்திரியின் அரை நாள் கணக்கு எனக்குப் பயத்தைக் கொடுத்தது. தூணும் பீமும் எழுப்பிக் கட்டிய வீட்டில் நாலரை அங்குலச் சுவர் பெரும்பாலும் வெறும் தடுப்புதான். ஆனால் 1990-களில் நம் ஊர்ப் பக்கம் கட்டிய சிறிய வீடுகளில் கணிசமானவை தூணே இல்லாதவை. 9 அங்குலச் செங்கல் சுவர்கள்தான் மேல்தளத்தைத் தாங்குகின்றன. உங்கள் வீட்டில் மேலே ஒரு குடும்பம் வேறு வசிக்கிறது. அந்தச் சுவருக்கு நேர்மேலே மாடியிலும் சுவர் இருந்தால், அதன் பாரம் முழுவதும் நீங்கள் இடிக்க நினைக்கும் செங்கல் வழியாகத்தான் அஸ்திவாரத்துக்கு இறங்குகிறது. இடித்த அன்றே எதுவும் நடக்காமல் போகலாம். சில மாதம் கழித்துக் கூரையின் அடியில் ஒரு விரிசல், மாடிக் கதவு நிலையில் ஓர் இறுக்கம் என்று ஆரம்பிக்கும்.

ஆகவே முழுச் சுவரையும் இடிக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஜன்னல் போல ஒரு பெரிய திறப்பு வைத்தாலே உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும். கீழே 30 அங்குலம் வரை பழைய சுவர் அப்படியே நிற்கட்டும். மேலே லிண்டல் மட்டம் வரை, அதாவது கதவு, ஜன்னல்களின் தலைக்கு மேல் பாரம் தாங்கும் குறுக்கு உத்தரத்தின் மட்டம் வரை, 6 அடி அகலத்துக்குத் திறக்கலாம். இதற்கும் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வீட்டுக்கு வந்து மேலும் கீழும் பார்த்து, லிண்டலின் அளவை எழுத்தில் தர வேண்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் இந்த வேலையின் மொத்தச் செலவில் சிறு துளி. முறையாகச் செய்பவர்கள் முதலில் கூரைக்கு ஜாக்கி முட்டுக் கொடுப்பார்கள். பிறகு 9 அங்குலத்தில் பாதித் தடிப்பை மட்டும் வெட்டி ஓர் இரும்பு பீமையோ வார்த்த லிண்டலையோ செருகி, மேலே உள்ள சந்தை இறுக அடைப்பார்கள். அது இறுகிய பிறகே மறுபாதியில் கை வைப்பார்கள். லிண்டல் இருபுறமும் சுவர்மேல் 6 முதல் 9 அங்குலமாவது உட்கார வேண்டும். கதவுக்கும் புதுத் திறப்புக்கும் நடுவே மிஞ்சும் துண்டுச் சுவர் மிக முக்கியம். கதவின் பக்கமிருந்தும் திறப்பின் பக்கமிருந்தும் வரும் பாரம் அதன் தலையில்தான் இறங்கும். அது 2 அடிக்குக் குறையக் கூடாது என்று நான் நினைக்கிறேன், இறுதிச் சொல் பொறியாளருடையது. 6 அடி அதிகம், 5 அடிதான் என்று அவர் சொன்னால் 5 அடிக்கு ஒப்புக்கொள்ளுங்கள். பரண் பலகை அந்தச் சுவரில் ஊன்றியிருக்கிறதா, சுவருக்குள் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்பதையும் வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருகிறேன். பிரேக்ஃபாஸ்ட் கவுன்ட்டர் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. தோசை வார்க்கும் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது என்றுகூடச் சொல்வேன். இட்லி ஓர் ஈட்டுக்குப் பதினாறு வந்துவிடும், தூக்கிக்கொண்டு போய் வைத்துவிடலாம். தோசை ஒன்றொன்றாகத்தான் வரும். நடுவில் சுவர் இருக்கும் வீட்டில் தோசை வார்ப்பவர் திருப்பி ஏந்தி, கதவைச் சுற்றி, இலையில் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் கல் காய்ந்துவிடும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவர் தனியாகச் சாப்பிடுவார். திறப்பு வைத்துவிட்டால் அடுப்பருகே நின்றபடியே கையை நீட்டித் தட்டில் போடலாம், பிள்ளைகள் பள்ளிக்கூடக் கதை சொல்வதைக் கேட்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சுவரைத் திறக்கத்தான் வேண்டும்.

ஆனால் அக்கா வீட்டின் உயரத்தை அப்படியே கொண்டுவராதீர்கள். அமெரிக்க வீடுகளில் சமையல் மேடையே 36 அங்குலம். அதற்கு மேல் எழும் கவுன்ட்டர் 42 அங்குலம் வரை போகும். அதற்கு ஏற்ற ஸ்டூலின் இருக்கை 30 அங்குல உயரத்தில் இருக்கும். உங்கள் அத்தை முழங்கால் வலியோடு 30 அங்குல ஸ்டூலில் ஏறுவதை எண்ணிப் பாருங்கள். ஏறவே மாட்டார்கள். வீட்டில் எல்லோரும் ஒரு வரிசையில் உட்கார, அவர்கள் மட்டும் பழையபடி மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பார்கள். உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் கால் அந்தரத்தில் தொங்கும். சோறும் குழம்பும் ரசமுமாகக் கையால் பிசைந்து சாப்பிடும் நமக்குக் கால் தரையில் ஊன்றியிருந்தால்தான் சாப்பாடு சாப்பாடாக இருக்கும்.

அதனால்தான் கீழ்ச்சுவரை 30 அங்குலத்தில் நிறுத்தச் சொன்னேன். அது சாப்பாட்டு மேசையின் உயரம். வீட்டில் இருக்கும் சாதாரண நாற்காலிகளே போதும். நான்கு ஸ்டூல் வாங்கும் பணம் மிச்சம். கல்லின் மட்டம் 30-க்கு மேல் போகாதபடி, அதன் தடிப்பைக் கழித்துக்கொண்டு சுவரை நிறுத்தச் சொல்லுங்கள். ஓர் ஆளுக்கு 2 அடி அகலம் என்று கொண்டால் 6 அடியில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். நான்காவது இருக்கையைத் திணித்தால் முழங்கையோடு முழங்கை இடிக்கும்.

காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு அந்த மேடை யாருக்கு என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடலாம். அத்தைக்கு. மடியில் தட்டை வைத்துக் குனிந்து நறுக்கியவர்கள் இனி மேசை உயரத்தில் காலை உள்ளே நீட்டி, முதுகைச் சாய்த்து உட்கார்ந்து நறுக்குவார்கள். நறுக்கிய காயை அந்தப் பக்கம் தள்ளினால் உங்கள் கைக்கு வந்துவிடும். வெளிச்சம் நன்றாக விழும் கோடியை அவர்களுக்கு ஒதுக்கி, கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றை அங்கேயே நிரந்தரமாகப் போடுங்கள். கைப்பிடியை ஊன்றி எழுந்துகொள்வது முழங்காலுக்கு எவ்வளவோ நல்லது. அந்தக் கைப்பிடி கல்லுக்கு அடியில் நுழையுமா என்பதை மட்டும் கடையிலேயே அளந்து பார்த்துவிடுங்கள்.

கால் நீட்ட இடம் என்றேன். 30 அங்குல மேடைக்கு முன்னால் உட்காருபவருக்கு முழங்கால் உள்ளே போக 18 அங்குல ஆழம் வேண்டும். 36 அங்குல மேடைக்கு 15 போதும், 42-க்கு 12 போதும். உட்காருமிடம் தாழத் தாழ, கால் முன்னால் நீளும். ஆகவே மேஸ்திரி சொன்ன ஒன்றரை அடி நீட்டம் சரியான அளவுதான். முட்டு வேண்டாம் என்று சொன்னாரே, அதுதான் தவறு, ஆபத்தான தவறு.

கிரானைட் கனத்தைத் தாங்கும். மேலிருந்து அழுத்தினால் எவ்வளவும் பொறுக்கும். ஆனால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு மறுபக்கம் அந்தரத்தில் விட்டால், வளைக்கும் விசைக்கு அது மிகவும் பலவீனமானது. மரம் முறியுமுன் வளைந்து காட்டும், இரும்பு தொய்ந்து காட்டும். கல் எதையும் காட்டாது, ஒரே நொடியில் முறிந்து விழும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். வேறொருவர் செய்துவிட்டுப் போன வேலை. 20 மில்லிமீட்டர் கறுப்புக் கல்லை 15 அங்குலம் வெறுமனே நீட்டியிருந்தார்கள். ஒரு வருடம் நன்றாகத்தான் இருந்தது. கல்லூரியில் படிக்கும் பையன் ஒருநாள் இரண்டு கையையும் ஊன்றி அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். நாற்பது கிலோ துண்டு அவன் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்று தரையில் கிடந்த அந்தத் துண்டைப் பார்த்ததிலிருந்து, முட்டில்லாத நீட்டத்துக்கு நான் ஒருமுறைகூட ஒப்புக்கொண்டதில்லை.

இந்தத் தொழிலில் பின்பற்றும் அளவு இது: 20 மில்லிமீட்டர் கல்லை முட்டில்லாமல் 6 அங்குலம் வரை நீட்டலாம், 30 மில்லிமீட்டர் என்றால் 10 அங்குலம். அதோடு, நீட்டம் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு 18 அங்குலம் வேண்டும். 9 அங்குலச் சுவர்மேல் உட்கார்ந்து, சமையலறைப் பக்கம் 1 அங்குலமும் சாப்பாட்டு அறைப் பக்கம் 18 அங்குலமும் நீளும் கல் மொத்தம் 28 அங்குல அகலம், 6 அடி நீளம். 14 சதுர அடி. எடை 70 கிலோவைத் தாண்டும். மூன்றில் இரண்டு பங்கு அந்தரத்தில் நிற்கும் இந்தக் கல்லுக்கு 40 மில்லிமீட்டர் சதுரக் குழாயில் ஓர் இரும்புச் சட்டம் அடியில் வேண்டும். சட்டத்தின் கைகள் 2 அடிக்கு ஒன்றாகச் சுவருக்குள் பதிந்திருக்க வேண்டும்; முன்பக்கம் கல்லின் விளிம்புக்கு 3 அங்குலம் உள்ளே வரை வர வேண்டும். கோடியில் இரண்டு பக்கமும் அதே கல்லால் நிற்கும் கால் பலகை வைத்துவிட்டால் சட்டம் கண்ணுக்கும் தெரியாது, குழந்தை ஏறி நின்றாலும் பயமில்லை. வெல்டிங் முடிந்ததும் ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு அடித்த பிறகே கல்லை ஏற்றுங்கள். துருவின் கறை கல்லுக்குள் ஊறிவிட்டால் அதை எடுப்பது கடினம்.

இதோடு ஒரு கசப்பான கணக்கையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் சாப்பாட்டு அறையின் அகலம் 108 அங்குலம். மேடை 18 எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்திருப்பவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் இடிக்காமல் நடந்து போக, மேடை விளிம்பிலிருந்து 44 அங்குலம் வேண்டும். மிஞ்சுவது 46. உங்கள் ஆறுபேர் மேசையின் அகலம் 36. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் நாற்காலியை இழுக்க இடமில்லை. மேசையும் மேடையும் சேர்ந்து இந்த அறையில் வாழ முடியாது. மேடைதான் என்று முடிவு செய்தால் விருந்தாளிகளுக்கு ஒரு மடக்கு மேசை வைத்துக்கொள்ளுங்கள். மாமனார் வாங்கிய மேசை, அத்தை விட மாட்டார்கள் என்றால், திறப்பை மட்டும் வைத்துப் பரிமாறும் ஜன்னலாகப் பயன்படுத்துங்கள். அதற்குச் சுவரின் அகலமே போதும், இரும்புச் சட்டமும் வேண்டாம். அத்தை அந்த மேசையிலேயே உட்கார்ந்து நறுக்கலாம். இந்த முடிவை அவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

இப்போது கல். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் நிற்கும் நிறம்தான் உங்கள் வீட்டுக்குச் சரி.

உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பளபளப்பான கறுப்பில் உப்புத் தண்ணீர் காய்ந்தால் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாக நிற்கும். கோதுமை மாவு, அரிசி மாவு, விரல் தடம் எல்லாம் அதில் தெரியும். கறுப்பின் அழகு பிரமாதம்தான், ஆனால் நாள் முழுவதும் துணியோடு நிற்க வேண்டும். வெளிர் நிறக் கற்கள் பல, கறுப்பைவிடத் தண்ணீரும் எண்ணெயும் உறிஞ்சுபவை. நம் வீட்டில் மஞ்சள் சிந்தாத நாள் எது? வெள்ளைதான் என்று கணவர் பிடிவாதமாக இருந்தால், பதித்தவுடன் கறை உள்ளே ஊறாமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அடியில் சாம்பல் நிறச் சிமென்ட் கலவை போடாமல் வெள்ளைச் சிமென்டோ கல் பசையோ பயன்படுத்தச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கலவையின் ஈரம் மேலே ஊறித் திட்டுத்திட்டாகத் தெரியும்.

கருஞ்சாம்பல் நிற ஸ்டீல் கிரே, தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கத்திலிருந்து வரும் டேன் பிரவுன், நம் கிருஷ்ணகிரிப் பகுதியின் பாரடைஸோ, இவற்றைப் பாருங்கள். பாரடைஸோவில் பழுப்பும் ஊதாவும் அலையலையாக ஓடும்; ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு மாதிரி. கறுப்பே வேண்டும் என்று மனம் கேட்டால், ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் சீமகுர்த்தியில் வெட்டும் பிளாக் கேலக்ஸியில் பொன் நிறப் பொட்டுகள் இருக்கும். வெறும் கறுப்பைவிடக் கறையைச் சற்று மறைத்துக்கொள்ளும் கல் அது. கடையில் பெயரைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை. காஷ்மீர் ஒயிட் என்று விற்கும் கல் காஷ்மீரிலிருந்து வருவதில்லை, நம் தமிழ்நாட்டுக் கல்தான்.

கடைக்குப் போகும்போது ஓர் எலுமிச்சம்பழம், சிறிய தண்ணீர் பாட்டில், வெள்ளைத் துணி, நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். கூச்சப்பட வேண்டாம், நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். தண்ணீரைக் கல்லின்மேல் கொஞ்சம் விட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். ஈர இடம் கறுத்திருந்தால் அந்தக் கல் உறிஞ்சும். எலுமிச்சைச் சாறு பட்ட இடம் மங்கினால் அதில் சுண்ணாம்புத் தன்மை இருக்கிறது. புளியும் தக்காளியும் புழங்கும் மேடைக்கு ஆகாது. கறுப்புக் கல்லை அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஒட்டினால் சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். தடிப்பையும் அளவு நாடா வைத்துப் பாருங்கள். 20 என்று சொல்லி விற்கும் கல் 16, 17 மில்லிமீட்டர் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சமையல் மேடைக்கு 2 அடி, இரண்டரை அடி அகலக் கட்டர் பலகைகளே போதும். பெரிய இயந்திர வாளில் முழு அகலத்துக்கு அறுத்த கேங்சா பலகைக்கு அதிக விலை கொடுக்க வேண்டாம். பில்லைப் போடுவதற்கு முன் சதுர அடி விலையோடு நிற்காமல், விளிம்பு உருட்டுவதற்கு ரன்னிங் அடிக்கு எவ்வளவு, சிங்க் வெட்டுக்கு எவ்வளவு, வெட்டி மிஞ்சும் துண்டு யாருக்கு என்று எழுதி வாங்குங்கள். மிஞ்சும் துண்டுகளை விடாதீர்கள். மேடைக்குப் பின்னால் 4 அங்குலப் பட்டையும் ஜன்னல் அடிக்கல்லும் அவற்றிலேயே வந்துவிடும்.

விளிம்பைத் தடிமனாகக் காட்ட அடியில் ஒரு பட்டை ஒட்டி இரட்டை விளிம்பு செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம். ஆனால் மேடையில் கவ்விப் பிடிக்கும் தேங்காய்த் துருவி வைத்திருக்கிறீர்களா? அதன் வாய் எவ்வளவு திறக்கும் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஒரு கோடியில் ஓர் அடி நீளத்துக்காவது ஒற்றை விளிம்பாக, ஒன்றரை அங்குலம் முன்னால் நீட்டி விடச் சொன்னால் துருவி அழகாக உட்காரும். புது மேடை கட்டிய பிறகு துருவி பொருந்தாமல் தேங்காயைக் கீற்றிக் கீற்றி மிக்ஸியில் போடும் வீடுகள் எனக்குத் தெரியும்.

சிங்க் வெட்டிய இடத்தில் முன்னும் பின்னும் மிஞ்சும் மெல்லிய பட்டைதான் கல்லின் மிகப் பலவீனமான பகுதி. அங்கே இணைப்பு வரக் கூடாது. வண்டியிலிருந்து இறக்கும்போது பலகையைக் கண்ணாடி போல நிறுத்தித்தான் தூக்க வேண்டும். கட்டில் போலப் படுக்க வைத்துத் தூக்கினால் அந்த இடத்தில் முறியும். நீங்களே பக்கத்தில் நின்று சொல்லுங்கள். சிங்குக்கு அடியில் மர அலமாரி செய்வதாக இருந்தால் தண்ணீரைத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட் மட்டும் போடுங்கள், அழுத்திய மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம்.

சுவரைத் திறந்தால் தாளிப்பு நெடியும் திறக்கும். அடுப்பு வெளிச்சுவரை ஒட்டி இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். அடுப்புக்கு நேர்மேலே ஒரு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டாலே பெரும்பகுதி வெளியேறிவிடும். சிம்னி வாங்கினால் அடுப்பிலிருந்து 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டி, குழாயை வளைவில்லாமல் நேரே வெளியே விடுங்கள். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் மேடை ஓரத்தில் பிளக் பாயின்ட், மைக்ரோவேவுக்கு 16 ஆம்பியர் பாயின்ட் என்று இப்போதே குறித்துவிடுங்கள். கல் ஏறிய பிறகு சுவரைக் கொத்தினால் தூசியும் அதிர்வும் புது மேடைக்குத்தான்.

பொங்கலுக்குள் முடியுமா என்றால், லிண்டல், மின்கம்பி, குழாய், தரை, கல், டைல்ஸ் என்று ஒழுங்காக நடந்தால் ஆறு வாரம் ஆகும். புது லிண்டல் இறுகக் காத்திருக்கும் நாட்களைக் குறைக்க யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். மார்கழியில் வேலை தொடங்க உங்கள் வீட்டில் தயங்குவார்கள். ஆகவே கார்த்திகைத் தொடக்கத்துக்குள் பொறியாளரின் தாள் கையில் இருந்தால் ஆரம்பியுங்கள். இல்லையென்றால் இந்தப் பொங்கலைப் பழைய மேடையில் வைத்துவிட்டு, தை பிறந்ததும் தொடங்குங்கள். அதுவரை அடுப்பை மட்டும் மேடையிலிருந்து இறக்கி, 28 அங்குல உயரமுள்ள உறுதியான இரும்பு மேசை ஒன்றில் வைத்துச் சமைத்துப் பாருங்கள். சிலிண்டரின் வால்வு அடுப்பைவிடத் தாழ்வாக இருக்கிறதா, ஒன்றரை மீட்டர் குழாய் இழுபடாமல் எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேசை அசையக் கூடாது. இரண்டு வாரத்தில் உங்கள் தோளே 28 சரியா, 29 சரியா என்று சொல்லிவிடும். அந்த எண்ணையும், மாடியில் அந்தச் சுவருக்கு நேர்மேலே என்ன இருக்கிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். மேடையின் வரைபடத்தை நான் போட்டு அனுப்புகிறேன்.